நூற்று நான்கு இறாத்தல்

எங்கள் வெள்ளவத்தை வீட்டின் பின்வளவில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஒரு ஜீப் வண்டி துண்டு துண்டாகக் கிடந்தது. உடற்கூடு மதிலோரம் கவிழ்ந்திருந்தது. சில்லுகள் கிணற்றடியில் அடுக்கப்பட்டிருந்தன. இயந்திரம் சாக்குப் போர்த்திக்கொண்டு கொட்டிலில் இருந்தது. வண்டி என்று சுட்டிக் காட்டத்தக்க எதுவும் அங்கே இல்லை. ஆயினும் வீட்டுக்கு வந்தோர் அனைவரும், "ஜீப் எப்படி இருக்கு?" என்று, மருத்துவமனையில் கிடக்கும் உறவினரை விசாரிப்பது போலச் சித்தப்பாவை விசாரித்தனர்.

சித்தப்பா என் தந்தையாரின் ஒரே தம்பி. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றியவர், எங்களுடனேயே வாழ்ந்தவர். அவ்வாண்டு, காட்டுக்குள் திருத்தப்பட்டுவந்த குளமொன்றின் வேலைத்தலத்துக்குப் பொறுப்பாளராக அவரை நியமித்திருந்தார்கள். அவ்விடத்துக்குச் செல்லும் வழியில் கடைசிப் பதினான்கு மைல் வெறும் வண்டித்தடம். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. ஆகவே, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்திருந்த பழைய ஜீப்பைச் சித்தப்பா வாங்கினார். அது உலகப் போர்க்காலத்து வண்டி என்றும், சித்தப்பாவுக்கு அது மூத்தது என்றும் அம்மா கூறுவார்.

வீட்டில் எவரும் வாய்விட்டுக் கூறாத இன்னொரு செய்தியும் இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை ஆசிரியை, கத்தோலிக்கக் குடும்பத்தவர். சித்தப்பா அவரை மணக்க விரும்பினார். பெற்றோர் மறைந்தபின் தம்மை வளர்த்து ஆளாக்கிய அண்ணனின் சம்மதமின்றி மணப்பதில்லை என்றும் உறுதி பூண்டிருந்தார். அப்பா மறுத்தாரல்லர். மறுத்திருந்தால் மறுமொழி கூறியிருக்கலாம். அவர் அப்பேச்சு எழும்போதெல்லாம் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். சித்தப்பா புறப்படும் நாளுக்குள் அப்பா ஒரு சொல் சொல்லவேண்டும். சொல்லாவிடின் சித்தப்பா காட்டுக்குத் தனியே போவார், பெண் வீட்டார் மேலும் காத்திருக்கமாட்டார்கள். இவையெல்லாம் நான் பின்னர் அறிந்தவை. பத்து வயதில் நான் அறிந்திருந்தது சித்தப்பாவுக்கு ஜீப் அவசரம் என்பது மட்டுமே.

வண்டியின் நோய் அதன் அடிச்சட்டத்தில் இருந்தது. செஸி என்று எல்லாரும் வழங்கும் அந்த இரும்புச் சட்டத்தை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொட்டாஞ்சேனையிலுள்ள ஒரு கராச்சுக்குக் கொண்டுசென்றார்கள். அக்கராச்சின் உரிமையாளர் ஒரு முஸ்லிம் பெரியவர். நாங்கள் அவரை நானா என்போம். ஒருநாள் சித்தப்பாவுடன் நானும் போயிருந்தேன். நானா சிறு சுத்தியலொன்றால் சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு மணிபோல ஒலித்தது. துருவேறி உக்கிய இடம் பலகைபோல ஒலித்தது. ஒலி மழுங்கிய இடங்களில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். இறுதியில் வட்டமில்லாத இடத்தைத் தேடவேண்டியிருந்தது.

"தம்பி, இது செஸி இல்ல, கருவாடு," என்றார் நானா. "வெட்டி எடுத்துட்டு உள்ளுக்கு வேற தகடு வெச்சு ஒட்டித் தாரன். ஆனா நாலு மாசம் போகும். அவசரப்படுத்த வாணாம்."

சித்தப்பா அவசரப்படுத்தவில்லை. நாள்தோறும் அலுவலகம் முடிந்ததும் கொட்டாஞ்சேனைக்குப் பேருந்து ஏறினார். ஒட்டுவேலை எவ்வளவில் இருக்கிறது என்று பார்த்துவரவேண்டுமாம். ஒட்டுவேலைக்கு இத்துணைக் கரிசனை காட்டிய வாடிக்கையாளர் நானாவுக்கு முன்னரோ பின்னரோ வாய்த்திருக்கமாட்டார்.

அந்நாள்களில் ஒரு மாலை, சலவைக்குப் போடவிருந்த சித்தப்பாவின் சட்டைப்பையில் ஒரு சிறு அட்டையைக் கண்டெடுத்தேன். கோட்டைப் புகையிரத நிலையத்தில் காசு போட்டு ஏறி நின்றால் நிறையை அச்சிட்டுத் தரும் இயந்திரத்தின் அட்டை அது. நூற்று நான்கு இறாத்தல் என்று அதில் இருந்தது. நான் சட்டையோடு அதை எடுத்துக்கொண்டு, அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடினேன்.

"அம்மா, சித்தப்பா எவ்வளவு மெலிஞ்சு போனார் பாருங்கோ!"

அம்மா அட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அட்டையை மீண்டும் சட்டைப்பையிலேயே வைத்தார்.

"ஓம், மெலிஞ்சுதான் போனார். நீ ஒருத்தருக்கும் சொல்லாதை. அவருக்கு வெக்கமாயிருக்கும்."

நானும் சொல்லவில்லை. அன்றிரவு சித்தப்பாவின் தட்டில் என் பங்கு முட்டையை வைத்தேன். அவர் காரணம் அறியாமல் உண்டார்.

நான்கு மாதம் என்றது ஏழு மாதமாகி, அடிச்சட்டம் திரும்பி வந்தது. உக்கிய பகுதிகள் அகற்றப்பட்டு, உட்புறம் தகடு வைத்து ஒட்டி, கறுப்பு வர்ணம் பூசப்பட்டுப் பளபளத்தது. மூலைக்கு மூலை சணற்கயிறு பிடித்து அளந்தார் நானா. ஒரு முனையை நான் பிடித்தேன். இரு குறுக்களவுகளும் ஒத்திருந்தன. காட்டுவழியையும் சுமையையும் கருதி, ஸ்பிரிங்கின் தகட்டடுக்கில் பழைய லொறியொன்றிலிருந்து எடுத்து வெட்டிய தகடுகள் பக்கத்துக்கு இரண்டாகச் சேர்க்கப்பட்டன. புதிய ஷொக் அப்சோபர்கள் வந்தன. ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு பிணைக்கும் இடங்களில் பழைய இரும்பு முளைகளை நீக்கிவிட்டு, உள்ளே றப்பர் பொதிந்த குழல்களைப் பொருத்தச் சித்தப்பா விரும்பினார். குலுக்கத்தை றப்பர் வாங்கிக்கொள்ளும் என்றார். குலுக்கத்தைப் பற்றி அவர் இவ்வளவு கவலைப்பட்டதை மாமி கேலி செய்தார். மாமி அப்பாவின் தமக்கை. தெஹிவளையிலிருந்து ஞாயிறுதோறும் மதிய உணவுக்கு வருபவர்.

"குளம் கட்டப் போறவனுக்குப் பஞ்சு மெத்தை கேக்குதாக்கும்," என்பார்.

இங்கேதான் தவறு நேர்ந்தது. கலியாணப் பேச்சில் வாய் திறவாத அப்பா, ஜீப் விடயத்தில் தம் கடமையைக் கைவிடவில்லை. பஞ்சாங்கம் பார்த்து, ஸ்பிரிங் பூட்டுவதற்கு ஒரு ஞாயிறு காலை எட்டு மணி முதல் எட்டே முக்கால் வரை நல்ல நேரம் என்று குறித்துக் கொடுத்தார். அன்று அடிச்சட்டம் மரக்குற்றிகளின்மேல் உயர்ந்து நின்றது. ஸ்பிரிங்குகள் பாரமின்றித் தொங்கின. நானா நட்டு இறுக்கும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"ஐயா, சும்மா கோத்து வெப்பம். முழுசா இறுக்கேலா. சில்லு நிலத்தில பட்டு, வண்டிட பாரம் இறங்கின பொறகுதான் இறுக்கணும். இல்லாட்டி றப்பர் முறுகிப் பிஞ்சிரும்."

"நேரத்துக்குள்ளை இறுக்கவேணும் நானா. கோத்து வைக்கிறது பூட்டுறதாகாது," என்றார் அப்பா.

"ஐயா, றப்பருக்குப் பஞ்சாங்கம் விளங்காதே!"

சித்தப்பா இடையில் நின்றார். அண்ணன் தம் பொருட்டு எடுத்து நடத்திய ஒரே காரியம் அது. "இறுக்குங்கோ நானா," என்றார் மெல்ல. எட்டு நாற்பதுக்குப் பன்னிரண்டு நட்டுகளும் இறுகின. மாமி தேங்காய் உடைத்தார்.

குற்றிகளை அகற்றிச் சில்லுகளில் நிறுத்தி, இயந்திரத்தையும் பூட்டியதும் ஸ்பிரிங்குகள் பாரத்தால் தட்டையாயின. உள்ளே இறுகப் பிடிபட்டிருந்த றப்பர்கள் முறுகின. ஒரு கிழமை எங்கள் ஒழுங்கையில் கடற்கரைப் பக்கமாக முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்ததில் அவை ஒவ்வொன்றாகக் கிழிந்தன. வண்டி நகர்ந்தபோதெல்லாம் பூனைக்குட்டி போல முனகியது. நானா வந்து குனிந்து பார்த்துவிட்டு, கிழிந்த றப்பர்த் துண்டொன்றை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். புதிய றப்பர்கள் வந்து சேர்வதற்கு மேலும் மூன்று கிழமைகள் சென்றன. சித்தப்பா வேலைத்தலத்தில் கையொப்பமிட வேண்டிய நாளுக்கு அப்போது ஒன்பது நாள்களே எஞ்சியிருந்தன.

மறுபடியும் ஒரு ஞாயிறு. இம்முறை பஞ்சாங்கம் வெளியே வரவில்லை. வேறொரு சிக்கல் வந்தது. வண்டியின் உடற்கூடு வர்ணம் பூசுவதற்காக நுகேகொடைக்குப் போயிருந்தது. உடலும் ஆளும் ஏறிய பாரத்தில் ஸ்பிரிங்குகள் எப்படிப் படியுமோ, அப்படிப் படிந்திருக்கையிலேயே நட்டுகளை இறுக்கவேண்டும்.

"வண்டிட உடம்பு இல்லாட்டி மனிசர்ட உடம்பு," என்றார் நானா. "வீட்டாள்கள ஏத்துங்க."

சித்தப்பா ஒரு தாளில் கணக்கிட்டு வைத்திருந்தார். உடற்கூட்டின் நிறைக்குக் கடற்கரை மணல் நிரப்பிய சாக்குகள். சட்டத்துக்குக் குறுக்கே இரண்டு பலகைகள். பின்பலகையில் அப்பாவும் மாமியும், நடுவில் நானும் அமர்த்தப்பட்டோம். மாமி ஏறியபோது பின்பக்கம் தாழ்ந்தது.

"பாத்துக்கொள் தம்பி, குளத்துக்குக் கல்லு ஏத்திறதெண்டாலும் இனிப் பயமில்லை," என்று மாமியே கூறிச் சிரித்தார்.

முன்பலகையின் வலப்புறம், சுக்கானைப் பிடித்தபடி சித்தப்பா. இடப்புறம் வெறுமையாக இருந்தது. அம்மா அதில் ஏறுவார் என்று நான் எதிர்பார்த்தேன். சித்தப்பா இறங்கிச் சென்று, களஞ்சிய அறையிலிருந்து ஓர் அரிசிச் சாக்கைத் தோளில் சுமந்துவந்து அவ்விடத்தில் நிமிர்த்தி வைத்தார். சரியாமலிருக்கக் கயிற்றாலும் கட்டினார்.

"அதென்ன தம்பி, உப்பிடிப் பத்திரமாய்?" என்றார் மாமி.

"நிறுத்து வைச்சனான் அக்கா. நூற்றி நாலு இறாத்தல்."

"நூற்றி நாலோ? எங்கடை வீட்டிலை அந்த நிறையிலை ஆர் இருக்கினம்? அது எனக்கு ஒரு கால்!"

நான் சொல்ல வாயெடுத்தேன். சித்தப்பா மெலிந்தபின் அவருடைய நிறை அதுவே அல்லவா? ஆனால் சித்தப்பா பக்கத்திலேயே இருந்தார், அட்டையைப் பற்றிப் பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அப்பா சாக்கின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரிப்பதற்கு அவர் கையில் செய்தித்தாள் இல்லை.

அப்போது குசினி வாசலில் நின்ற அம்மா உள்ளே போனார். திரும்பி வருகையில் அவர் கையில் அரிசி அளக்கும் கொத்துப் பேணி இருந்தது, நிறைய அரிசியோடு. நேரே முன்பலகைக்கு வந்து சாக்கின் வாயை அவிழ்த்தார். அரிசியைக் கொட்டினார். மீண்டும் உள்ளே போய் இன்னொரு கொத்துக் கொண்டுவந்து கொட்டினார்.

"அண்ணி, கணக்குப் பிழைக்கும்," என்றார் சித்தப்பா.

"நூற்றி நாலு இண்டையான் கணக்கு. அங்கை போய் ஒரு வருசத்திலை கொஞ்சம் கூடும். கூடத்தான் வேணும்," என்று கூறியவாறே சாக்கைக் கட்டினார் அம்மா. அப்பாவை அவர் பார்க்கவில்லை.

காட்டில் மழை அதிகம். ஈரம் பட்டால் அரிசி நிறை கூடும் என்று நான் விளங்கிக்கொண்டேன். அம்மாவின் முன்யோசனை எனக்குப் பெருமையாக இருந்தது.

பலகை அசைந்தது. அப்பா இரு கைகளையும் பலகையில் ஊன்றி எழுவதற்கு முற்பட்டிருந்தார். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த நானா சத்தமிட்டார்.

"ஒத்தரும் அசைய வாணாம்! ஆரு அது, ஐயாவா? ஐயா, இருக்கிறதா எழும்புறதா, இப்பயே சொல்லிருங்க. இறுக்கின பொறகு எழும்பிப் பிரயோசனமில்ல."

ஒழுங்கையின் முனையில் புகையிரதம் ஒன்று கடந்து போயிற்று. சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா வெற்றுப் பேணியை மார்போடு அணைத்தபடி நின்றார்.

அப்பா கைகளைப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.

"நான் இருக்கிறன். நீங்கள் இறுக்குங்கோ நானா," என்றார்.

நானா அவசரப்படவில்லை. ஒவ்வொரு நட்டாக, சாவி முனக முனக இறுக்கினார். உச்சி வெயில் ஏறியது. மாமி கூட வாய் திறக்கவில்லை. அது ஒன்றே எனக்கு வியப்பளித்தது. ஒருமுறை நான் கால் மாற்ற முயன்றபோது அப்பா என் முழங்காலை அழுத்திப் பிடித்து, "அசையாதை பிள்ளை," என்றார். கொட்டாஞ்சேனை நானாவின் ஓர் அதட்டலுக்கு அப்பா இவ்வளவு அடங்கிவிட்டாரே என்று எண்ணிக்கொண்டேன். நாளை பாடசாலையில் கூறிச் சிரிக்க வேண்டும் என்றும் தீர்மானித்தேன், சிரித்தும் இருக்கிறேன்.

பன்னிரண்டாவது நட்டும் இறுகியபின் நானா வெளியே ஊர்ந்து வந்து, "ஆ, இனி எறங்குங்க," என்றார். மாமி முதலில் இறங்கினார். அப்பா எழுந்தபோது சற்றுத் தள்ளாடினார். நெடுநேரம் அசையாதிருந்தமையால் கால் விறைத்திருக்க வேண்டும். விழாமலிருக்க முன்னால் அமர்ந்திருந்த சித்தப்பாவின் தோளைப் பற்றிக்கொண்டு நிலத்தில் கால் வைத்தார்.

நிலத்தில் இறங்கிய பின்னும் அக்கையை அவர் எடுக்கவில்லை. நானா கைகழுவி, தேநீர் குடித்து, விடைபெறும்வரை அது சித்தப்பாவின் தோளிலேயே இருந்தது. ஒரு கால் விறைப்பு இத்தனை நேரம் நீடிக்குமா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.