நெட்டை கிடாரா, குட்டை கிடாரா?

போன புதன்கிழமை சாயங்காலம் என் கணவர் ஆட்டோவிலிருந்து இரண்டு பெரிய பைகளோடு இறங்கினார். உள்ளே இரண்டு எலெக்ட்ரிக் கிடார்கள். இரண்டும் கறுப்பு. ஒரே கம்பெனி. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

“எதுக்கு ரெண்டு?” என்றேன்.

“ஒண்ணுதான் நமக்கு. ஏட்டி, வித்தியாசம் தெரியலையா?”

சத்தியமாகத் தெரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். ஒன்றின் கழுத்து முக்கால் இன்ச் நீளமாம். இவர் வாசிக்கும் ஹெவி மெட்டல் என்கிற ராக் இசைக்குத் தந்தியைத் தளர்த்தி, சுருதியைக் கீழே இறக்கி வாசிக்க வேண்டும். நெட்டையில் தந்தி தொய்யாமல் கிண்ணென்று நிற்கும். குட்டையில் லேசாகத் தொய்யும். ஆனால் விரலுக்குச் சுகம். கடைக்கார அண்ணாச்சி பழகிய மனிதர். “ரெண்டையும் வாசிச்சுப் பாரும்வே. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒண்ணைக் கொண்டாந்துரும்” என்று அனுப்பியிருக்கிறார்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு... இவர் பாளையங்கோட்டையில் ஃபைல் புரட்டுகிற ஐம்பது வயது அரசு ஊழியர். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று நண்பர்களோடு சேர்ந்து தெருவையே அதிர வைப்பவர். இந்த வாரம் இவருக்கு வாழ்வா சாவா பிரச்சினை. டிரம்ஸ் வாசிக்கும் சுடலைமுத்து அண்ணன் மகளுக்கு ஞாயிறன்று சேரன்மகாதேவியில் கல்யாண ரிசப்ஷன். “மெல்லிசைக் கச்சேரியெல்லாம் வேண்டாம் மாமா. உங்க பாட்டுத்தான் வேணும்” என்று மணப்பெண்ணே கேட்டுவிட்டாள். இருபது வருஷத்தில் இவர்களை ஒருவர் விரும்பிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. பழைய கிடாரோ கழுத்து வளைந்து படுத்துவிட்டது.

மூன்று நாள் வீட்டில் ஒரே இடி முழக்கம். எனக்கு இரண்டும் மிக்ஸியில் கல் மாட்டிக்கொண்ட சத்தம்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நெட்டையை எடுத்தால் ஐந்தே நிமிஷம், வைத்துவிடுவார். குட்டையை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கீழே வைப்பதில்லை. காபி ஆறி ஆடை படிந்துவிடும். கேட்டால் மட்டும், “ரெண்டும் நல்லாத்தான் இருக்கு... ஒண்ணும் புரிய மாட்டேங்கு” என்பார்.

சனிக்கிழமை காலையில் வந்து நின்றார். “மண்டை காயுது. அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வரன் அமையுமா, கிணற்றில் தண்ணீர் வருமா என்று பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஹெவி மெட்டலுக்கு அம்மனைக் கூப்பிட்ட மனுஷனைப் பார்த்ததுண்டா?

செவ்வரளி வந்தால் நெட்டை, நந்தியாவட்டை வந்தால் குட்டை என்று முடிவாயிற்று. பூவை இலையில் பொட்டலமாகக் கட்டுவது என் பொறுப்பு.

உங்களிடம் மறைப்பானேன்? இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையைத்தான் வைத்துக் கட்டினேன்! தப்புதான். ஆனால் அவர் மனசு குட்டையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. அதைச் சொல்லத்தான் அவருக்குத் தெம்பில்லை. பிறகென்ன? இன்னொரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் வழக்கமும் எங்கள் கோயிலில் கிடையாது.

பூசாரி அம்மன் காலடியில் வைத்தார். சாமி கும்பிட வந்த ஒரு சின்னப் பெண் ஒன்றை எடுத்தாள். வெள்ளை!

“உத்தரவு ஆயிட்டு” என்றார் பூசாரி.

இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீடு வரை குனிந்த தலை நிமிராமல் நடந்தார். பக்தி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து நெட்டையைத் துடைத்தார், பையில் வைத்தார், ஜிப்பை மூடினார். மறுபடி திறந்து ஒரு தடவை பார்த்தார்.

“என்னங்க... உங்களுக்கு எது பிடிச்சிருந்துச்சு?”

“இதுதான். முதல் நாளே அஞ்சு நிமிஷத்துல நான் நினைச்ச சத்தம் வந்துட்டு.”

“அப்ப குட்டையை மணிக்கணக்கா வாசிச்சீங்களே?”

“விரலுக்குச் சுகமா இருக்கேன்னு விட மனசு வரலை. அந்தச் சத்தம் அதுல வர மாட்டேங்குன்னுதான் போராடினேன். பரவாயில்ல. அம்மன் சொல்லிட்டா, அதோட மல்லுக்கட்டிக்கிடுவேன்.”

ஒருவரோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டிவிட்டால் அவர் மனசு நமக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொள்கிறோம். பாதி நேரம் நம் ஊகத்தோடுதான் குடித்தனம் நடத்துகிறோம் போலிருக்கிறது. அவமானம் பிடுங்கித் தின்ன, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன்.

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“அப்ப... அம்மன் சொல்லலியா? நீதான் சொன்னியா?”

தலையாட்டினேன்.

முகம் முழுக்கச் சிரிப்பு. விறுவிறுவென்று நெட்டையை வெளியே எடுத்தார், குட்டையைப் பைக்குள் தள்ளினார்.

“இதை முதல்லயே சொல்லக் கூடாதாட்டி? அம்மன் வாக்கை மீறத்தான் பயந்துகிட்டு இருந்தேன். உன் வாக்கை இருபத்திரண்டு வருஷமா மீறிக்கிட்டுத்தான இருக்கேன்!”