சடையன் பக்கம், மல்லிகா பக்கம்

திருப்பத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை இருக்கிறது. சொந்தக்காரர் வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். அங்கே வளர்ந்த உண்ணிச்செடி எங்கள் சுற்றுச்சுவரில் ஏறி, துணி காயப்போடும் கொடி வரைக்கும் கை நீட்டிவிட்டது. போன மாதம் அவரிடம் சொன்னேன். ஆளையும் இயந்திரத்தையும் கூட்டிவந்து ஒரு மணி நேரத்தில் தன் பக்கத்தை மட்டும் மழித்துவிட்டு, "உங்க பக்கத்த நீங்க வெட்டிக்குங்க மேடம், அதான் முறை" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குள் வெட்டுப்பட்ட உண்ணி இலையின் வாடை வந்துவிட்டது. மண்ணெண்ணெயும் கொய்யாப்பழமும் ஒரு பூனையும் ஒரே அறையில் இருந்தால் வருமே, அந்த வாடை. எனக்கு அது என் முதல் வேலையின் வாடை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. விவசாய டிப்ளமோ முடித்திருந்தேன். மலைமேல் புதூர்நாட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. அந்த நிறுவனம் இப்போது இல்லை, அதனால் பெயர் வேண்டாம். அப்போது எங்கள் வீடு அமிர்திப் பக்கம். மலை என்றால் பாம்பு என்பது அம்மாவின் கணக்கு. ஒரு சின்ன பாட்டில் நிறைய மாதா கோயிலில் மந்திரித்த தீர்த்தம் வாங்கி, அறை மூலையில் தெளிக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினாள். பாதி ஏற்றத்தில் ஜீப் கொதித்து நின்றது. டிரைவர் என் பையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார், பிடுங்கினார், ரேடியேட்டரில் ஊற்றினார். வண்டி ஏறிவிட்டது. இதை அம்மாவிடம் சொன்னது என் தப்பு. அவள் அதை அற்புதம் என்று பங்குச் சாமியாரிடம் சொல்ல, அவரும் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

மலையில் பையை மாட்டிக்கொண்டு வருகிற பெண் எல்லோரும் டீச்சர்தான். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கும் கற்றுக்கொடுக்க ஆசையாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்ததோ பாடப்புத்தகத்தில் மூன்று பக்கம்: வேலியோரக் களைகளும் அவற்றின் மேலாண்மையும். அந்த மூன்று பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மலையையே திருத்திவிடலாம் என்று நம்பினேன்.

மலைக்காரர்களிடம் வேலி வெட்ட ஏற்கெனவே ஒரு முறை இருந்தது. வங்கிக்காரர் சொன்னதற்கு நேர் எதிரான முறை. சாமை கதிர் வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் குறித்துக்கொள்வார்கள். அன்றைக்கு என் பக்கத்து வேலியை நான் தொடக் கூடாது. பக்கத்து நிலத்துக்காரர் என் நிலத்துக்குள் வந்து நின்று என் பக்கத்தை வெட்ட வேண்டும். நான் அவர் நிலத்தில் நின்று அவர் பக்கத்தை வெட்ட வேண்டும். முதலில் கேட்டபோது புது டீச்சரை ஏய்க்கிறார்கள் என்றே நினைத்தேன். யோசித்தால் கெட்டிக்காரத்தனம் புரியும். தன் பக்கத்தை மட்டும் ஒட்ட வெட்டிக்கொண்டே வந்தால் வேலி வருஷத்துக்கு ஒரு சாண் எதிராளி பக்கம் நடந்துவிடும். மாற்றி வெட்டினால் நடக்காது. நீ என் பக்கத்தைக் காடாக விட்டால் நானும் உன் பக்கத்தைக் காடாக விடுவேன், அவ்வளவுதான். இன்னொரு சட்டமும் உண்டு. யார் நிலத்தில் நின்று வெட்டுகிறோமோ அவர் வீட்டில்தான் அன்றைக்குச் சோறு. எப்பேர்ப்பட்ட பகையாளியாக இருந்தாலும் அன்றைக்கு அவன் வீட்டுக் களியைத் தின்றே ஆக வேண்டும். வாய் நிறையக் களியை வைத்துக்கொண்டு யாராலும் திட்ட முடியாது.

இதன் அருமையெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் மேலதிகாரி ஜீப்பில் வரப்போகிறார், பாதையோரமாக ஒரு வேலியைக் களைக்கொல்லி அடித்துச் சுத்தமாக்கிக் காட்ட வேண்டும் என்பதுதான். பாதையோரம் வாகாக ஒரு வேலி இருந்தது. கிளுவையும் நொச்சியும் நட்ட உயிர்வேலி, மேலே ஆளுயரத்துக்கு உண்ணிச்செடி. மேற்குப் பக்கம் சடையன் அண்ணன் நிலம், கிழக்குப் பக்கம் மல்லிகா அக்கா நிலம்.

இருவரும் கணவன் மனைவியாக இருந்தவர்கள். நான் போவதற்கு நாலு வருஷம் முன்பு ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி உறவை அறுத்துவிட்டார்கள். காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் அவளுடைய கறவை மாட்டை விற்று டேப்ரெக்கார்டர் வாங்கினார் என்பது அதில் அதிக ஓட்டு வாங்கிய காரணம். அக்கா தன் அப்பா நிலத்துக்குத் திரும்பினார். அப்பா நிலம் அடுத்த நிலம். ஆக, பிரிந்து போன தூரம் ஒரு வேலிதான். வருஷம் முழுக்க இருவரும் ஒருவரை ஒருவர் மரமாகப் பாவித்தார்கள். வேலி வெட்டுகிற அந்த ஒரு நாள் மட்டும் பேசிக்கொள்வார்கள். சடையன் அண்ணன் அந்த நாளுக்காகவே வருஷத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். ஊரில் ஆடுகளுக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரியவில்லை.

நான் முதலில் அக்காவைக் கேட்டேன். "அந்தாளு மூஞ்சிய பாக்காம இருக்கலாம்னா மருந்து இன்னா, நெருப்பே வெய்யி டீச்சர்" என்றார். எவ்வளவு முற்போக்கான விவசாயி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

சடையன் அண்ணனிடம் மூன்று தடவை போனேன். முதல் தடவை, "வேணாங்க டீச்சர், உண்ணிப்பழம் இல்லாம குருவிங்க இன்னா துன்னும்?" என்றார். இரண்டாவது தடவை, மருந்து வாடைக்குத் தனக்குத் தும்மல் வரும் என்றார். மூன்றாவது தடவை காரணம் எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கொடுவாளைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டே, "கையால வெட்றதே நல்லாகீதுங்க" என்று மட்டும் சொன்னார். வேலி வெட்ட இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒரு மாதம் முன்னாலேயே கத்தி தீட்டுகிற ஆளைப் பார்த்து எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டாமா? 'விழிப்புணர்வு போதாது' என்று அறிக்கையில் எழுதினேன்.

பிறகு சட்டம் பேசினேன். வேலியில் பாதி மல்லிகா அக்காவுடையது, அந்தப் பாதிக்கு மட்டும் அடித்தால் யார் கேட்பது? மூக்கில் கைக்குட்டை கட்டி, முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு நானே அடித்தேன். பாதி மருந்து என் செருப்பில். அடித்தது கிழக்குப் பக்கம், பத்து நாளில் காய்ந்தது இரண்டு பக்கமும். உண்ணியோடு கிளுவையும் நொச்சியும் கருகின. அதிகாரி வந்தார், இறங்கினார், "எக்ஸலண்ட்" என்றார். கருகிய வேலிக்கு முன்னால் என்னை நிறுத்தி ஒரு புகைப்படம். அதில் எனக்குப் பல் எல்லாம் தெரியும்.

வேலி வெட்டும் நாளில் அக்கா வீட்டுக்குப் போனேன். வேலை மிச்சமான விவசாயியின் மகிழ்ச்சியைப் பதிவு செய்யத்தான். அக்கா அடுப்படியில் இருந்தார். கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் வரை என்னைத் துரத்திக்கொண்டிருந்த சேவல் அது. பக்கத்தில் மொச்சைக் குழம்பு, தட்டில் ஆவி பறக்கும் களி உருண்டைகள். "யாருக்குக்கா இவ்ளோ?" என்றேன். அக்கா குனிந்து அடுப்பை ஊதினார். வெட்ட வருகிறவருக்கு இந்த வீட்டில்தான் சோறு என்ற சட்டம் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

சடையன் அண்ணன் வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முள் வெட்ட வருகிறவன் யாராவது வெள்ளைச் சட்டை போடுவானா? தோளில் கொடுவாள், கையில் கிளையை விலக்கிப் பிடிக்கும் கவைக்கோல். வேலி காய்ந்ததை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? இருந்தும் வந்தார். ஒரு கிளையைத் தொட்டார், அது உடைந்து கையோடு வந்தது. வெட்ட ஏதாவது இருக்கிறதா என்று இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நின்றார்.

அக்கா வாசலுக்கு வந்தார். "வந்தது வந்துட்ட. துன்னுட்டுப் போ."

"வேல செய்யாம துன்றதுக்கு நான் இன்னா உன் புருசனா?"

பாதையில் போன நாலு பேர் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. அது பகடி இல்லை, அவர் மெய்யாகவே கேட்டார் என்று எனக்கு உறைப்பதற்குள் அவர் கொடுவாளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அக்கா கோழிக்குழம்பை எனக்குப் போட்டார். அந்தக் குழம்பை நான் சாப்பிட்டிருக்கவே கூடாது. சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மழை பெய்தும் கிளுவை துளிர்க்கவில்லை. எங்கள் நிறுவனம் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்துக் கொடுத்தது. மறுபடி ஒரு புகைப்படம் எடுத்தார்கள், அதில் நான் சிரிக்கவில்லை. கம்பியில் வெட்ட என்ன இருக்கிறது? சடையன் அண்ணன் இரண்டு வருஷம் பார்த்தார். பிறகு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போன கூட்டத்தோடு போய், அங்கேயே தங்கிவிட்டார்.

போன வருஷம் பலாப்பழம் வாங்குகிற சாக்கில் புதூர்நாடு போனேன். வழியெல்லாம் கல்தூண், கம்பி. எதிராளி நிலத்தில் நின்று வேலி வெட்டுகிற கதையைச் சொன்னபோது இந்தத் தடவை ஏற்றிப்போன ஜீப் டிரைவர் நம்பவே இல்லை. சின்ன வயசு, பாவம். மல்லிகா அக்காவுக்கு முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "மருந்தடிச்ச டீச்சர்தான நீ?" என்று சிரித்து, உட்காரவைத்துச் சாமைச் சோறு போட்டார். மன்னிப்பு கேட்கத்தான் போயிருந்தேன். வாயில் வந்தது வேறு.

"கம்பி வேலி எப்படிக்கா இருக்கு?"

"நல்லாத்தான் கீது. பன்னி வர்றதில்ல, மாடு வர்றதில்ல." கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தார். "ஒருத்தரும் வர்றதில்ல."