கப்பல் என்று நாங்கள் அழைத்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணனுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருந்தது. மட்டாஞ்சேரி அதைப் பொருட்படுத்தவே இல்லை. இங்கே பிறந்தது முதல் நாற்பத்தாறு வயதில் கண்மூடியது வரை அவர் கப்பல்தான்.

ஏன் கப்பல்? தொட்டிலில் வீறிட்டு அழும்போது துறைமுகத்தில் ஹாரன் ஊதினால் சட்டென்று அடங்கிவிடுவாராம். அம்மா சொன்ன காரணம் அது. மாநகராட்சியில் சாக்கடை தூர்வாரும் வேலைக்குச் சேர்ந்தபின், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு ஆடி ஆடி வருவார். சாயாக்கடைச் சேட்டன் உள்ளே குரல் கொடுப்பார்: "கப்பல் அடுத்தெடா, சாயா எடுக்கு!" கப்பல் கரை சேர்ந்துவிட்டது, டீ எடு என்று அர்த்தம். ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் தெரு மூழ்கினால், தோளுக்கு ஒன்றாகக் குழந்தைகளை ஏற்றிப் பள்ளிக்கூடம் சேர்ப்பார், அவர்கள் அவர் காதைத் திருகி "பூம்" என்று ஊதுவார்கள். எனக்கோ, கோபித்துக்கொண்டால் திரும்பி முகம் பார்க்க மூன்று நாள் எடுக்கும் கனத்த மனிதர்.

அண்ணிக்கு மட்டும் அந்தப் பெயர் முள். தொண்ணூறுகளில் தென்காசிப் பக்கம் பெண் பார்த்த தரகர், மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை என்று சொல்லிவைத்தார். அண்ணனுக்கு அது தெரியும், மறுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் சேறு காய்ந்த பூட்ஸைக் கண்ட அன்றுதான் அண்ணிக்கு விளங்கியது. பிறகு அன்பாகவே வாழ்ந்தார்கள். அந்தச் சொல் மட்டும் அண்ணி வாயில் வந்ததில்லை.

போன வருடம் ஒரு விடிகாலை, நெஞ்சுவலியில் அண்ணன் போனார். சுவரில் ஒட்டும் மரண நோட்டீஸில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் செல்லப்பெயரும் போடுவது இங்கே வழக்கம். அண்ணி தடுத்துவிட்டார்.

"போற நாள்லயாவது அவரை அவர் பேரச் சொல்லி அனுப்புங்க."

கோட்டு மாட்டிய பழைய ஸ்டூடியோ படத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

மதியம் ஆகியும் உறவினர் பத்துப் பேரைத் தவிர யாரும் வரவில்லை. நான்கு மணிக்கு எடுக்க வேண்டும். சந்து முனையில் போய் நின்றேன். அண்ணனோடு வேலை செய்தவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி நோட்டீஸைப் படித்தார். பாவம் யாரோ என்று உச்சுக்கொட்டினார். என்னைப் பார்த்ததும், "சேச்சி, லீவு போட்டா சொல்லிட்டுப் போடணும்னு கப்பல்கிட்டச் சொல்லு. மேஸ்திரி அங்க கிடந்து குதிக்கிறாரு" என்றார்.

அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வாசலிலேயே சரிந்து உட்கார்ந்து, "எடா கப்பலே!" என்று அரற்றினார்.

"நோட்டீஸ் பாக்கலியா?" என்றார் அண்ணி.

"பார்த்தேன் அண்ணி. ஆளு தெரியல."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "மார்க்கர் இருக்கா? எல்லாச் செவுத்துலயும் எழுதிட்டு வா. மலையாளத்துல, பெருசா."

"என்னன்னு எழுதட்டும் அண்ணி?"

"கப்பல்னு."

மூன்றரைக்குள் சந்து கொள்ளாத கூட்டம். பள்ளுருத்தியிலிருந்து ஆட்டோ ஆட்டோவாக வந்தார்கள்.

பந்தல் போட்டவர்கள், தோள் கொடுத்தவர்கள், பதினாறு நாளும் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இந்த நினைவு மலரின் அட்டைக்கு என்ன பெயர் போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். அண்ணி பேனாவை வாங்கி அவரே எழுதிக் கொடுத்தார். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.