பால் தொடாதவர் செய்த கன்று

இடது கை தோலின் விளிம்பைப் பிடித்திருந்தது. வலது கை வைக்கோலைத் திருகித் திருகி உள்ளே செலுத்தியது. ஒரு பிடி உள்ளே போனதும் கட்டைவிரல் பின்னாலேயே போய் அதை மூலையில் வைத்து அழுத்தும். பிறகு அடுத்த பிடி. வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம். முதுகுப் பக்கம் நெருக்கமாக அடைக்க வேண்டும். பசு நக்குவது முதுகைத்தான், அங்கே பள்ளம் விழுந்தால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. கால்களுக்கு மூங்கில் குச்சி. கழுத்துக்கு வைக்கோலைப் புரியாக முறுக்கிச் சுற்ற வேண்டும், வெறும் அடைப்பு நிற்காது. தலையைக் கழுவக் கூடாது. கழுவினால் வாசனை போய்விடும்.

பல வருஷம் இந்த வேலையைத் தொடாத கைகள். இருந்தும் ஒன்றையும் மறக்கவில்லை. மறந்து போயிருந்தால் தேவலாம் என்று இருந்தது கைக்குச் சொந்தக்காரருக்கு.

அவர் பெயர் அப்பாவு. சத்தியவேட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கிராமம். ஒரு காலத்தில் வைக்கோல் கன்று என்றால் நாகலாபுரம் வரைக்கும் அவரைத்தான் கேட்டு வருவார்கள். கன்று செத்துப்போனால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து முன்னால் நிறுத்தினால், அது தன் பிள்ளை என்று நினைத்து நக்கும். நக்க நக்கப் பால் இறங்கும். மற்றவர்கள் செய்தால் பார்ப்பதற்கு மூட்டை மாதிரி இருக்கும். அப்பாவு செய்தால் கன்று படுத்து எழுந்த மாதிரி இருக்கும். அதில் அவருக்குக் கர்வமே உண்டு.

அந்தக் கர்வம் ஒரு ஐப்பசி மழையில் போனது. யாரோ ஒருவர் வீட்டில், அவர் செய்து கொடுத்த கன்றை வாசலிலேயே விட்டுவிட்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. பசு கொட்டகைக்குள் போகவில்லை. வைக்கோல் கன்றுக்கு மேலே நான்கு காலையும் அகட்டி நின்று, அது நனையாமல் தன் உடம்பால் மறைத்துக்கொண்டிருந்தது. அடிக்கடி மூக்கால் அதை ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தது. அப்பாவு எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று மழை விடுகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வைக்கோல் கன்று செய்வதை விட்டவர்தான். பால் இல்லை, மோர் இல்லை, நெய் இல்லை. அப்புறம் தோல் செருப்பை விட்டார், லாரி டயரில் வெட்டிய செருப்புக்கு மாறினார். தேனை விட்டார். கடைசியில் உழவு மாட்டையும் விற்காமல் சும்மா வைத்துச் சோறு போட்டு, அவை தானாகச் சாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டார். மாடு கட்டிக் கவலை இறைப்பதை நிறுத்திவிட்டு ஏற்றத்தில் தானே ஏறி மிதித்தார். மண்வெட்டியால் நிலத்தைக் கொத்துகிறவனால் எவ்வளவு கொத்த முடியும்? மேல்தெருவில் ஓட்டு வீடு எழும்பியது, மின்சாரப் பம்பு வந்தது. அப்பாவுவின் கூரை அப்படியே இருந்தது.

"ஊர்ல எல்லாரும் முன்னுக்குப் போய்க்கினு கீறாங்க. நீ மாட்ட விட்டுட்டு மாடா உழைக்கிற" என்பாள் மனைவி பொன்னியம்மாள். அவள் பாலை விடவில்லை. தனக்கென்று அவருடைய தங்கச்சி வீட்டிலிருந்து ஒரு டம்ளர் வாங்கிவந்து, அவருக்கு எதிரிலேயே காபி போட்டுக் குடிப்பாள்.

"இந்த வூட்ல ஒரு ஜீவன்கிட்ட புடுங்கின பொருளு ஒண்ணுகூட இல்லடி. அதவிட இன்னா முன்னுக்கு?"

"என் காபியச் சேத்தா ஒண்ணு கீது. அத்த மறந்துட்டியே."

அவர் சிரித்துவிடுவார். ஆனால் சொன்னது விளையாட்டுக்குச் சொன்னதில்லை. ஒரு மனுஷன் ஜெயித்தான், தோற்றான் என்பதற்கு அவரிடம் இருந்த அளவுகோல் அது ஒன்றுதான். ஊரும் முதலில் சிரித்தது, பிறகு பழகிக்கொண்டது, பிறகு கொஞ்சம் மரியாதையும் வைத்தது. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவரை வந்து கேட்பார்கள். ஜீவனுக்குக் கெடுதல் நினைக்காத மனுஷன் என்று பேர். அந்தப் பேர் காதில் விழுகிறபோது அவர் வேறு பக்கம் பார்ப்பார், ஆனால் கேட்டுக்கொள்வார்.

எல்லைத் தகராறு தீர்ந்த வருஷம் அது. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு என்றும் சத்தியவேட்டுப் பக்கம் ஆந்திராவுக்கு என்றும் முடிவாகி, தாலுக்கா கச்சேரிக் காகிதமெல்லாம் தெலுங்கில் வர ஆரம்பித்திருந்தது. நிலத்தைப் பார்க்க வந்த புது அதிகாரி வெயிலில் களைத்து அப்பாவு வீட்டு வாசலில் உட்கார்ந்து, மஜ்ஜிக கிடைக்குமா என்று கேட்டார்.

"மோர் லேது சார். மாடே லேது" என்று சொல்லி, கேழ்வரகுக் கூழில் வெங்காயத்தை நறுக்கிப் போட்டுக் கொடுத்தார் அப்பாவு.

"மாடு லேனி ரைத்தா?" என்று, மாடில்லாத விவசாயியை முதல்முறை பார்த்தவர் போல அதிகாரி சிரித்தார். குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். அப்பாவுவுக்கு மனசு நிறைந்துவிட்டது.

அந்த நிறைவோடுதான் மத்தியானம் தங்கை செங்கம்மா வீட்டுக்குப் போனார்.

செங்கம்மாவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு பசு. சத்தியவேட்டில் ரங்கையாவின் காபி ஓட்டலுக்குப் பால் ஊற்றித்தான் சாப்பாடு. காலையில் கறந்த பாலை எடுத்துக்கொண்டு போனவள் இன்னும் திரும்பவில்லை. கொட்டகையில் கன்று கட்டுத்தறியில் நின்று கத்திக்கொண்டிருந்தது. பிறந்து இரண்டு மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். சிவப்பு, நெற்றியில் வெள்ளை. கயிறு எட்டின மட்டும் இழுத்து, தாயின் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. தாய் இந்தப் பக்கம் கத்தியது.

அப்பாவு கயிற்றை அவிழ்த்தார்.

செங்கம்மாவின் முடிச்சு அவருக்குத் தெரியும், சின்ன வயசில் அவர் போட்டுக் காட்டிய முடிச்சுதான். ஒரு இழுப்பில் வந்துவிட்டது. கன்று ஓடிப்போய் மடியை முட்டியது. வாயோரம் நுரை வழிய வழியக் குடித்தது. ஒரு காம்பு விட்டு இன்னொரு காம்பு. வால் நிற்காமல் ஆடியது. அவர் வைக்கோல் போரின் மேல் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். தன் வாழ்க்கையிலேயே ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. போதும் என்று பிடித்துக் கட்டத் தோன்றவில்லை. யாருக்குப் போதும், யார் சொல்வது என்று நினைத்தார். கயிறு கிடந்த இடத்தில் கிடக்க, எழுந்து வந்துவிட்டார்.

கட்டி வைத்து அளவாகக் குடிக்கப் பழக்கின கன்றை ஒரேயடியாக முட்ட முட்டக் குடிக்க விடக் கூடாது. மாடு வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுவுக்கும் தெரிந்ததுதான். ஆனால் மாட்டை விட்டு விலகி இத்தனை வருஷத்தில், தெரிந்தவை எல்லாம் மாட்டிடம் பிடுங்குகிறவர்கள் சொல்லும் சாக்கு என்று அவருக்குள் ஒரு எண்ணம் வளர்ந்திருந்தது. கட்டுவதும் அளந்து விடுவதும் நம் பேராசைக்குத்தான் என்று நம்பியிருந்தார்.

சாயங்காலமே கன்றுக்கு வயிறு ஊதிவிட்டது. இரவெல்லாம் கழிச்சல். ஓமம் கரைத்து ஊற்றினார்கள், வசம்பு உரைத்து ஊற்றினார்கள். ஊற்றியவரே அப்பாவுதான், ஆளை விட்டு அவரைத்தான் கூப்பிட்டிருந்தாள் தங்கை. மறுநாள் மத்தியானம் கன்று அவர் மடியிலேயே போய்விட்டது.

"முடிச்சு நழுவிடுச்சுண்ணா" என்றாள் செங்கம்மா. "எத்தினி வருஷமா போட்ற முடிச்சு. எப்பிடி நழுவுச்சுன்னே தெர்ல. என் கைதான் சரியில்ல."

அப்பாவு வாயைத் திறந்தார். கொட்டகை வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி, "அழுவாத செங்கம்மா, ஒங்க அண்ணன் மாதிரி ஆளு மடியில போச்சே, அதுக்கு மோட்சந்தான்" என்றாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவர்கள் வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டின மாடோ கன்றோ வீட்டார் தப்பால் செத்தால், தப்புச் செய்தவர் அந்தக் கயிற்றையே தன் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவில் வீடு வீடாக நின்று அரிசி வாங்க வேண்டும். வாய் திறந்து கேட்கக் கூடாது. கயிற்றைப் பார்த்து அவர்களே போடுவார்கள். அந்த அரிசியைப் பொங்கி நாகலாபுரம் கோயில் வாசலில் இருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தால்தான் தோஷம் தீரும். செங்கம்மா கயிற்றைக் கழுவி ஆணியில் மாட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை போகிறேன் என்றாள்.

அதற்குள் ரங்கையா ஆள் அனுப்பிவிட்டு, பிறகு தானே வந்தார்.

"அம்மா செங்கம்மா, நேனேம் சேசேதி, நான் இன்னா செய்யறது, நீயே சொல்லு. காபி ஓட்டல்ல பால் இல்லன்னா ஜனம் மூஞ்சியக் கழுவிட்டு அடுத்த கடைக்குப் பூடும். இந்த வாரம் பாக்கறேன். அப்புறம் வேற வாடிக்க புடிச்சிப்பேன், தப்பா நெனச்சுக்காத."

கன்று செத்த அன்றைக்கே கீழ்த்தெரு நாகபூஷணம் அதன் தோலை உரித்து, உப்புத் தடவிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். செங்கம்மா அதை ஒரு சாக்கில் சுருட்டி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீ இத்த விட்டுட்டேன்னு தெரியும். ஒன் மனச நோவடிக்கறதுக்கு வர்ல. வேற ஒருத்தர் செஞ்சா அது நக்காதுண்ணா. நக்கலன்னா வத்திப்பூடும். வத்திடுச்சுன்னா எனக்கு இன்னா கீது?"

பொன்னியம்மாள் உள்ளேயிருந்து அவர் முகத்தைப் பார்த்தாள். முடியாது என்பார் என்று நினைத்தாள். இவ்வளவு வருஷத்தில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"வெச்சிட்டுப் போ" என்றார் அப்பாவு.

அதுதான் இப்போது அவர் கையில் இருந்தது. தோலைத் தைக்க மாட்டுத்தோல் வாரைத்தான் உபயோகிப்பார்கள். அவர் சணல் நூலும் கோணி ஊசியும் எடுத்துக்கொண்டார். செத்த கன்றின் தோலைத் தைக்கிறவனுக்கு வார் ஆகாதாம், சணல்தான் ஆகுமாம். தன்னைத் தானே பார்த்து அவருக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் சணலிலேயே தைத்தார்.

வயிற்றுப் பக்கம் தைக்கும்போது கை நின்றது. அந்த இடம்தான் ஊதியிருந்தது. அன்றைக்கு மடியில் போட்டுத் தடவிய இடம். வைக்கோலைக் கொஞ்சம் வெளியே எடுத்தார். பிறகு மறுபடியும் அடைத்தார்.

"காலையிலேர்ந்து துன்னல நீ" என்றாள் பொன்னியம்மாள். "அவ மேல பாசந்தான். அதுக்காக விரதத்த வுட்டுட்ட பாரு, எனக்கே ஒரு மாதிரி கீது. நான் கேலி பண்ணாலும், நீ வுட மாட்டேன்னு உள்ளுக்குள்ள நெனச்சிக்கினு இருந்தேன்."

"பாசம் இல்ல பொன்னி."

"பின்ன இன்னாது?"

அவர் ஊசியை இழுத்தார். அவளிடம் முதலில் சொல்வது சுலபம், அதனாலேயே அது சரியில்லை என்று பட்டது. கேட்க வேண்டியவள் இவள் இல்லை.

கடைசி வேலை ஒன்று பாக்கி. முதுகில் உப்பும் தவிடும் தேய்த்து, அந்தப் பசுவின் பாலையே தொட்டுத் தலையிலும் கழுத்திலும் தடவ வேண்டும். செங்கம்மா பீய்ச்சிக் கொடுத்திருந்தது ஒரு கொட்டாங்கச்சி அளவுதான், அதுவும் பசு மனசில்லாமல் விட்டது. அப்பாவு அதற்குள் விரலை வைத்தார். வழவழப்பு விரலில் ஏறியது. இதை விட்டு எத்தனை வருஷம் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். அந்தக் கணக்கை வைத்துத்தானே தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருந்தார். கயிறு போட்டுக் கட்டியவள் கன்றை உயிரோடு வைத்திருந்தாள். அவிழ்த்துவிட்டவனால் முடியவில்லை. நெற்றியில் இருந்த வெள்ளையில் பாலைத் தடவினார், காதுக்குப் பின்னால் தடவினார். விரலைத் துண்டில் துடைக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். "அப்பாவுவா?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டது காதில் விழுந்தது.

செங்கம்மா கொட்டகையில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். முகம் இளைத்திருந்தது. பசு தலையைத் தூக்கி, மூக்கை விடைத்தது.

"கெட்டியா செஞ்சிக்கீறண்ணா. அப்பிடியே கீது" என்று கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. "மொதல்ல ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு அப்புறமா வாங்கிக்கோ."

"இன்னா?"

"உன் முடிச்சு நழுவல. நாந்தான் அவுத்தேன். நீ ரங்கையா கடைக்குப் போயிருந்தப்ப. முட்ட முட்டக் குடிக்கறத உக்காந்து பாத்துட்டுப் போயிட்டேன். கட்டல."

அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"அன்னிக்கு எல்லாரும் நின்னாங்களே" என்றாள். "அப்ப ஏன் சொல்லல?"

"எல்லாரும் நின்னதாலதான் சொல்லல."

"என் கையப் பாத்து நானே பயந்துக்கினு கீறேன். தெனம் எழுந்து எழுந்து கட்டுத்தறியத் தொட்டுப் பாக்கறேன். கன்னு இல்லாத கட்டுத்தறிய."

மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தார் அப்பாவு. அதுவும் தனக்காகக் கேட்பதுதான் என்று தோன்றி நிறுத்திக்கொண்டார்.

செங்கம்மா திரும்பி ஆணியைப் பார்த்தாள். கழுவிக் காய்ந்த கயிறு அங்கே தொங்கியது.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. எடுத்துக்கினு போ" என்றாள். "எங்க வூட்டு வாசல்லயும் வந்து நில்லு. நான் அரிசி போடறேன்."

அப்பாவு போய்க் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பசு கட்டியிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு கன்றின் பக்கம் எட்டியது. தலையை ஆட்டி ஒருமுறை கத்தியது.

"இத்தக் குடு" என்றாள் செங்கம்மா. "காத்துக்கினு கீது பாரு."

அவர் இரண்டு கையாலும் வைக்கோல் கன்றைத் தூக்கி, தலை பசுவின் பக்கம் இருக்கும்படி திருப்பி, அவள் கையில் வைத்தார்.