கூஜா சுமந்த டாக்டரம்மா

பம்பரம் நடந்த நடையில் சட்டசபைத் தாழ்வாரம் ஒரு சாண் தேய்ந்துபோய், புதுக் கல் பதித்தார்கள். சரி, ஒரு சாண் இல்லை. பளபளப்புதான் போனது, அதுவும் தரை துடைக்கிறவர் சொன்னது.

அவள் இறைச்சிக் கூடத்தில் கால்நடை மருத்துவர். வெட்டுக்கு வரும் ஆடு மாடுகளைப் பார்த்துச் சான்று தருவது வேலை. ஓரிடத்தில் நிற்க மாட்டாள்; சோற்றுத் தட்டோடும் உலாத்துவாள். கூடத்தில் வைத்த பெயர்தான் பம்பரம். “உன்கூடப் பேசணும்னா கழுத்து வலி மாத்திரை போட்டுட்டுத்தான் வரணும்” என்பாள் தங்கை.

அவளைத் தூங்கவிடாத காரியம் ஒன்று இருந்தது. கொளுத்தும் வெயிலில் வந்து நிற்கும் லாரிகளில், நாக்குத் தள்ள, சொட்டுத் தண்ணீரில்லாமல் காத்திருக்கும் உயிர்கள். இறக்கியதும் தண்ணீரும் இளைப்பாறலும் கட்டாயம் என்று புதிய சட்ட வரைவில் ஒரு வரி ஏற வேண்டும். வரைவை எழுதும் சட்டசபைக் குழுவின் தலைவரான உறுப்பினர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மயக்காமல் அறுக்கும் மதமுறையைத் தடுக்கும் பிரிவு போதும் அவருக்கு. பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வருவது அதுதானே. வரைவு முடிவாகும் நாளும் வந்துவிட்டது; பிற்பகலுக்குள் முடிந்துவிடும்.

பம்பரம் கத்திக்காரரையும் கூட்டிக்கொண்டு சட்டசபைக்குப் போனாள். கூடத்தில் தம் மதமுறைப்படி அறுப்பவர் அவர். இருவரும் எலியும் பூனையும்தான். தாழ்வாரத்திலும் ஓயவில்லை.

“மயக்கிட்டு அறுத்தா வலி தெரியாதுண்ணே.”

“போன வாரம் உங்க மயக்குத் துப்பாக்கி குறி தப்புச்சே, அந்தக் காளைகிட்ட போய்ச் சொல்லுங்க டாக்டரம்மா. என் கத்தியில ஒரு பிசிறு இருந்தா நான் ஆட்டைத் தொடவே மாட்டேன்.”

“கத்தியைக் குத்தம் சொல்லல. அறுத்தப்புறம் உயிர் போற அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் சொல்றேன்.”

“இன்னைக்குத் தண்ணிக்கு வந்தோமா, சண்டைக்கு வந்தோமா?”

எதிர் அறைக் கதவு திறந்தது. உறுப்பினர் வெளியே வந்து லிஃப்டை நோக்கி விரைந்தார்.

மாட்டை நடத்துகிறவர்களுக்குப் பாலபாடம் ஒன்று உண்டு: தோளுக்குப் பின்னால் நின்றால் அது முன்னே போகும், தோளுக்கு முன்னால் நின்றால் பின்வாங்கும். கூடவே நடந்து பேசலாம் என்றுதான் பம்பரம் நினைத்தாள். பதற்றத்தில் அவர் தோளுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். உறுப்பினர் இரண்டடி பின்வாங்கினார். அவள் நெருங்கினாள். கண்மூடித் திறப்பதற்குள் மூவரும் அவர் அறைக்குள் இருந்தார்கள்.

“என்னம்மா, பட்டியில அடைக்கிற மாதிரி அடைக்கிறீங்க?” மேடை மேடையாகக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அவள் அறையைச் சுற்றிச் சுற்றிப் பேசினாள். சும்மா இராத கை மேசையிலிருந்த தண்ணீர்க் கூஜாவைத் தூக்கிக்கொண்டதை அவளே கவனிக்கவில்லை.

“சரி, ஒண்ணு பண்ணலாம்” என்றார் உறுப்பினர். “இவங்க முறை கொடுமைன்னு குழு முன்னாடி சொல்லுங்க. டாக்டர் சொன்னா எடுபடும். தண்ணி பத்தின உங்க வரியை வரைவுல சேத்துடுறேன்.”

பம்பரம் நின்றாள். ஆமாம், நின்றாள். ஒரு சொல் போதும், லாரிக்குத் தண்ணீர் வந்துவிடும். அந்தச் சொல்லில் பாதி அவளே நம்புவதுதான். கத்திக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மயக்கினாத்தான் நல்லதுன்னு சொல்வேங்க. அதே மூச்சுல எங்க துப்பாக்கி தப்புறதையும் சொல்வேன். இவரை மட்டும் தனியாப் பிரிச்சு அடிக்கிறதுக்கு நான் கம்பு இல்ல.”

“அப்ப அந்த வரியும் இல்ல.”

கால்கள் மறுபடி சுழன்றன. கூஜாவும் சுழன்றது. உறுப்பினர் இருமிக்கொண்டே கை நீட்டினார். அது ஜன்னல் பக்கம் போனது. எழுந்து நீட்டினார், கதவுப் பக்கம் போனது.

“அம்மா தாயே, மொதல்ல தண்ணியைக் குடுங்க, அப்புறம் பேசலாம்!”

“அதைத்தாங்க நாங்களும் கேக்குறோம்” என்றார் கத்திக்காரர்.

வாசலில் நின்ற உதவியாளர் குபீரென்று சிரித்துவிட்டார். உறுப்பினர் சிரிக்கவில்லை. அவள் நீட்டிய கூஜாவை வாங்கி மடக் மடக்கென்று குடித்தார், வாயைத் துடைத்தார், பேனாவை எடுத்து வரைவின் ஓரத்தில் அந்த வரியைக் கிறுக்கினார்.

அன்று மாலையே லாரிகளெல்லாம் வரிசைகட்டி நின்று, ஆடு மாடுகள் தொட்டி தொட்டியாகக் குடித்து ஏப்பம் விட்ட சத்தம் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டதாம்...

“நிறுத்துங்க, நிறுத்துங்க!” நான் கதை சொல்வதை இத்தனை நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கத்திக்காரர் குறுக்கே பாய்ந்தார். “தொட்டியாவது ஏப்பமாவது! வரைவுல அந்த வரி ஏறிச்சு, அவ்வளவுதான். என்னைத் தடுக்கிற பிரிவும் அதுலயேதான் இருக்கு. சபையில ஓட்டெடுப்பு இன்னும் நடக்கல. டாக்டரம்மா இப்பவும் அந்தத் தாழ்வாரத்துலதான் நடந்துக்கிட்டிருக்காங்க.”