மூன்றாவது ஆட்டத்தில் தூங்கிப்போன கரடி

அவளுக்குக் கரடியக்கா என்று பெயர் வைத்தது நாலு வயதுப் பிள்ளைகள். இப்போது தெருவில் காய் விற்பவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழலையர் பள்ளியில் ஆயாவாக இருந்தாள். பள்ளி திறந்த முதல் வாரம், வகுப்பே கூடி அழுதது. பொம்மை கொடுத்துப் பார்த்தாள், பாடிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு பழுப்புப் போர்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, நாலு காலில் நடந்து, தானும் உட்கார்ந்து அழுதாள். கரடி அழுவதைப் பார்த்ததும் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். அதே பள்ளியில் ஆசிரியையாக இருந்த அவள் நாத்தனார், புருஷனின் தங்கை, அதை வைத்து ஒரு நாடகம் எழுதினாள். அன்று முதல் ஒருத்தி கரடி, ஒருத்தி முயல். பள்ளி பள்ளியாகப் போய் ஆடுவார்கள், முயல்தான் வேன் ஓட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு நாடகம் போடுவது லேசான காரியம் இல்லை. முப்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது. விளக்கை அணைக்கக் கூடாது. முகமூடியில் வாய் தெரிய வேண்டும், அசையாத வாயைக் கண்டால் பயந்துவிடுவார்கள். முன்வரிசையில் எப்படியும் ஒன்று அழும், ஒன்று பாயை நனைக்கும். எல்லாவற்றையும் சமாளித்து, குனிந்தும் தவழ்ந்தும் அவளுடைய முழங்கால் தேய்ந்துவிட்டது. ரோம உடுப்புக்குள் வேர்க்குரு.

இரண்டு வருஷமாக மாமனார் படுத்த படுக்கை. விடியுமுன் எழுந்து அவரைத் துடைத்து, திருப்பிப் படுக்க வைத்து, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் அவள் கிளம்புவாள். "ஊர்ல எல்லாரும் மனுஷனா வேலைக்குப் போறாங்க, இவ கரடியாப் போறா" என்று புருஷன் சிரிப்பான். முதலில் அவளும் சிரித்தாள்.

அன்று ஒரே பள்ளியில் மூன்று ஆட்டம், சாப்பாட்டுக் கூடத்தில். கதையில் கரடி படுத்துத் தூங்கும். பிள்ளைகள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிக் கத்தினால் எழுந்துகொள்ளும். முதல் இரண்டு ஆட்டத்திலும் ஒழுங்காக எழுந்தாள். மூன்றாவதில் பத்து எண்ணி முடித்தும் கரடி அசையவில்லை. இன்னொரு முறை எண்ணினார்கள். மெல்லிய குறட்டை கேட்டது. ஏதோ புதிதாகச் சேர்க்கிறாள் என்றுதான் நாத்தனார் முதலில் நினைத்தாள்.

தாடையில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு சிறுமி கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். திரும்பி உதட்டில் விரல் வைத்தாள்.

"நிஜமாவே தூங்குது. யாரும் கத்தாதீங்க."

எண்பது பிள்ளைகளும் கப்சிப். நாத்தனார் தோளைத் தட்டக் கையை நீட்டினாள். முகமூடிக்குக் கீழே திறந்து கிடந்த அந்த வாயைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"கரடிக்கு ரொம்ப அசதி. என்ன பண்ணலாம்?" என்று முணுமுணுத்தாள்.

ஒருவன் தன் கைக்குட்டையைப் போர்த்தினான். ஒருத்தி புத்தகப் பையைத் தலைமாட்டில் வைத்தாள். ஒவ்வொருவராக வந்தார்கள். பதினோரு நிமிஷம் கழித்து மணி அடித்தபோது அவள் கண் விழித்தாள். உடம்பு முழுக்கக் கைக்குட்டைகள். கரடிக் குரல் அவளுக்கு வரவே இல்லை.

"ரொம்ப நேரம் ஆச்சா?" என்றாள்.

"இல்ல. இன்னும் கொஞ்சம் தூங்கு" என்றாள் பிளாஸ்திரிக்காரி.

தலைமையாசிரியை வாசல் வரை வந்தார். "கடைசிக் காட்சி நாடகத்துல இருக்கறதுதானா?"

"ஆமா மேடம், புதுசா சேர்த்தது" என்று நாத்தனார் கூசாமல் கரடி விட்டாள்.

வேனில் ஏறியதும் கரடி முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுப்பியிருக்க வேண்டியதுதானே? மானமே போச்சு."

"மனசு வரல அண்ணி." கொஞ்ச தூரம் போன பிறகு நாத்தனார் சொன்னாள்: "வாரத்துல மூணு நாள் அப்பாவ எங்க வீட்ல வச்சுக்கறேன்."

"ரெண்டு வருஷமா இது உனக்குத் தோணலையா?"

"தோணுச்சு. நீங்க கேக்கல, நானும் கண்டுக்காம இருந்துட்டேன்."

அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டாள். கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

அடுத்த பள்ளியில் அந்தத் தூக்கத்தை அப்படியே நடித்துப் பார்த்தார்கள். எடுபடவில்லை. "இது சும்மா கண்ண மூடிட்டிருக்கு" என்று பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தார்கள். பழைய கதைக்கே திரும்பிவிட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம்தான், மூன்றாவது கிடையாது என்று மட்டும் அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

நாத்தனார் சொன்னபடியே செய்கிறாள். மாமனார் அங்கே இருக்கும் நாட்களிலும் இவளுக்கு அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்திருக்க வேண்டியதில்லை என்று உடம்புக்கு இன்னும் புரியவில்லை. முழங்காலை மெல்ல நீட்டி மடக்கிக்கொண்டு, வெளிச்சம் வரும்வரை அப்படியே கிடக்கிறாள்.