மறுபதிப்பில் விடுபட்ட ஒற்று

நமக்கு நடந்ததை நாமே எழுதினால், எழுதி முடித்த பிறகு அது யாருடையது? இந்தக் கேள்வி புத்தகங்களில் வந்தபோது எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஒத்தக்காவைப் பார்த்த பிறகு அப்படி இல்லை.

அவர் எங்கள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர். இருபத்திரண்டு ஆண்டுகள் என் பக்கத்து மேசை. விடுபட்ட க், ச், த், ப் எதுவும் அவருடைய சிவப்புப் பேனாவிடமிருந்து தப்பியதில்லை. மாடிப்படியில் ஒட்டியிருந்த ‘கைப்பிடியை பிடித்து செல்லவும்’ என்ற அறிவிப்புக்குக்கூட இரண்டு ஒற்றுகளைப் போட்டுவிட்டுத்தான் படியேறினார். பக்கம் வடிவமைக்கிற தம்பி அதைப் பார்த்துவிட்டு ‘ஒற்று அக்கா’ என்று பெயர் வைத்தான். பேச்சில் தேய்ந்து அது ‘ஒத்தக்கா’ ஆனது.

“அக்கா, உங்களைக் கடிச்ச கொசுவுக்கு இந்நேரம் இலக்கணம் வந்திருக்குமா?” என்பான் அவன்.

“உன்னைக் கடிச்ச கொசுவுக்குத் தெரிஞ்சதும் மறந்துபோயிருக்கும்டா.”

அவருடைய கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு நாள் காலை குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது: சாவி. தண்ணீர் வேண்டுமென்றாலும் சாவி, முதுகு வலித்தாலும் சாவி, மின்விசிறியை நிறுத்தச் சொல்வதென்றாலும் சாவி. சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் மருத்துவர்.

அந்த நாட்களைப் பற்றி ஒத்தக்கா ஓர் இணைய இதழுக்குப் பதினான்கு கட்டுரைகள் எழுதினார். எல்லாமே நல்ல கட்டுரைகள் என்று சொல்ல மாட்டேன். நாலைந்தில் விஷயம் வருவதற்கு முன்பே அழுகை வந்து நின்றது. ஒன்பதாவது கட்டுரை மட்டும் வேறு. ஒரு மதியம் கணவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து “சாவி” என்கிறார். இவர் ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வருகிறார். அவர் அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு மறுபடியும் மணிக்கட்டைப் பிடிக்கிறார். “சாவி.” கூப்பிடுவது தன்னைத்தான் என்று இவருக்கு அப்போதுதான் புரிகிறது. அவ்வளவுதான் கட்டுரை. அதில் ஒரு சொல்லைக்கூட என்னால் நகர்த்த முடியவில்லை.

முதல் கட்டுரை வெளிவருவதற்கு முன் இதழிலிருந்து ஓர் ஒப்பந்தம் வந்தது. அச்சகத்திலேயே படியெடுத்து, மேசையில் வைத்துப் படித்தார். அதில் ஒரு வரி: ‘படைப்பை எவ்வடிவிலும் வெளியிடவும், மாற்றவும், மறுபதிப்பு செய்யவும், பிறருக்கு வழங்கவும் முழு உரிமை நிரந்திரமாக நிறுவனத்துக்கே உரியது.’ மறுபதிப்புக்குப் பக்கத்தில் ஒரு ச் போட்டார். ‘நிரந்திரமாக’ என்பதை ‘நிரந்தரமாக’ ஆக்கினார். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். எங்கள் தொழிலில் வருகிற கோளாறு இது. எழுத்தைப் பார்க்கிற கண் வாக்கியம் என்ன சொல்கிறது என்று பார்ப்பதில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். அந்த ச் சரி என்று தலையாட்டினேன்.

பதினான்காவது கட்டுரை வெளிவந்த வாரம் கணவர் இறந்தார். அதற்குப் பிறகு தம்பி ‘ஒத்தக்கா’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். ஒற்றுக்காக வைத்த பெயரில் ஒத்தையாய் நிற்பது கேட்டுவிடும் என்று பயந்திருப்பான். “ஒத்...” என்று தொடங்கி “மேடம்” என்று முடித்தான் ஒரு நாள்.

“ஏன் தம்பி, பேரையும் எடுத்துட்டியா?” என்றார் அவர். 

கட்டுரைகளைப் புத்தகமாக்க வேண்டுமென்று மகள்தான் ஆரம்பித்தாள். வேறு ஊரில் செவிலியாக இருக்கிறாள். “அப்பாவுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதாம்மா. கையில வச்சுக்கணும் போல இருக்கு.” ஒத்தக்கா இதழின் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தார். நல்ல பெண் அவள். குரலிலேயே சங்கடம் தெரிந்தது.

“மேடம், இதழை வேற கம்பெனி வாங்கிட்டாங்க. உரிமை எல்லாம் இப்ப அவங்க கையில. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

“படிச்சுப் பார்த்துத்தாம்மா போட்டேன்.”

“தெரியும் மேடம். தப்பெல்லாம் திருத்திக்கூட அனுப்பியிருக்கீங்க.”

அழைப்பை முடித்துவிட்டு நெடுநேரம் சிரித்தார். அந்தச் சிரிப்பு பார்க்க நன்றாக இல்லை.

எட்டு மாதம் கழித்து, கண்ணாடி மாற்றப் போன மருத்துவமனையில் ஒரு மருந்து நிறுவனத்தின் சிறு கையேடு கிடந்ததாம். எடுத்து வந்து என் மேசையில் போட்டார். ஒன்பதாவது கட்டுரை. எழுதியவர் பெயர் இல்லை. ‘சாவி’ என்று இருந்த இடமெல்லாம் ‘செல்லம்’. சாவிக்கொத்தே கதையில் இல்லை.

“பாருங்க, ஒரு ஒற்றுகூட விடலை. எல்லாம் நான் போட்டது. அவரு வாயில மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை சார். அதைப் போய் எடுத்துட்டாங்க.”

வழக்கறிஞரிடம் நானும் கூடப் போனேன். அவர் ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தார். “அம்மா, நடந்தது உங்களுது. எழுதின எழுத்துதான் அவங்களுது. அதையே வேற வார்த்தையில புதுசா எழுதுங்க, யாரும் ஒண்ணும் கேக்க முடியாது” என்றார். சட்டப்படி சரியான பதில். நியாயமானதுகூட. ஒரு மாதம் மதிய இடைவேளைகளில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒத்தக்கா முயன்றார். பிறகு மூடி வைத்துவிட்டார்.

“வேற மாதிரி வரமாட்டேங்குது சார். நடந்த மாதிரியேதான் வருது.”

பிறகு, புத்தகமாக்க அனுமதி கேட்டு, இதழை வாங்கிய நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். மூன்றாவதற்குப் பதில் வந்தது. அந்த ஆசிரியப் பெண் உள்ளே யாருடனோ சண்டை போட்டிருக்க வேண்டும். பதினான்கு கட்டுரைகளையும் எழுதப்பட்ட வடிவிலேயே, அவர் பெயரிலேயே நூலாக வெளியிட அனுமதி. வேறு நிபந்தனை எதுவும் இல்லை. அடியில் கையெழுத்திட்டு முப்பது நாட்களுக்குள் ஒரு பிரதியைத் திருப்பி அனுப்பினால் போதும்.

மகள் தொலைபேசியில் அழுதாளாம். தம்பி யாரும் கேட்காமலேயே அட்டை ஒன்றை வடிவமைத்தான். வெள்ளைத் தாளில் ஒரு சாவி. அது நன்றாக இருந்தது.

கடிதம் அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. மகள் தினமும் கூப்பிட்டாள். “பேனா இல்லையாம்மா?” “இருக்கு.” “அப்புறம் என்ன?” “பாக்கலாம்.” இருபதாம் நாள் நானும் கேட்டேன். அவர் கையிலிருந்த மெய்ப்பைத் தள்ளி, “இந்தப் பக்கத்துல எண் மாறியிருக்கு, பாருங்க” என்றார்.

முப்பத்தோராம் நாள் மகள் பேருந்து ஏறி நேராக அச்சகத்துக்கு வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“நீதானம்மா மூணு தடவை எழுதிக் கேட்டே? ஏம்மா?”

“சாப்பிட்டியா?” என்றார் ஒத்தக்கா.

போன மாதம் அவர் இறந்த பிறகு மகள் அவருடைய கட்டுரைகள் இருந்த கோப்பு ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கடிதம் அதில் இருக்கிறது. ‘நிறுவனத்துக்கே உரிய இக்கட்டுரைகளை மறுபதிப்பு செய்துகொள்ள’ என்று அச்சடித்திருக்கிறார்கள். ச் இல்லை. அவர் அதைப் போடவில்லை. கீழே, கையெழுத்துக்காக விட்டிருந்த இடத்திலும் எதுவும் இல்லை.